கூரைக்கு வாங்கிய கடன்

லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டத்தின் தலைமைக் கண்காணிப்பாளருக்கு எதிர்காலம் கண்ணில் பட்டுவிட்டால், அந்த ஊரில் வரி கட்டுகிறவர்கள் உடனே சட்டைப்பையைப் பொத்திக்கொள்வது நல்லது. எதிர்காலம் அங்கே எப்போதும் அட்டைப்பெட்டியில்தான் வரும். பெட்டிக்கு ஒப்பந்தம் உண்டு. அறிமுக விழா உண்டு. கைதட்ட ஆள் உண்டு. உள்ளே என்ன இருந்தது என்பது மட்டும் பின்னால் யாராவது ஒரு நிருபர் தோண்டி எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.

நமக்கு மாவட்டம் என்றால் கலெக்டர். அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களுக்கென்றே தனி மாவட்டம் இருக்கிறது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வாரியம், சொந்த பட்ஜெட், சொந்தமாகக் கடன் வாங்கும் உரிமை. லாஸ் ஏஞ்சலஸில் சொந்த போலீஸ்கூட உண்டு. நியூயார்க்குக்கு அடுத்த பெரிய பள்ளி மாவட்டம் அதுதான். படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். தலைமையகம் போட்ரி அவென்யூவில் இருப்பதால் ஆசிரியர்கள் நிர்வாகத்தையே ‘போட்ரி’ என்பார்கள். ‘போட்ரியிலிருந்து வந்திருக்கிறது’ என்று யாராவது சொன்னால், அது நல்ல செய்தியாக இருக்க வாய்ப்பில்லை.

2013 ஜூன் 18. வாரியம் ஆப்பிள் நிறுவனத்துக்கு 3 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்றை நிறைவேற்றுகிறது. அது வெறும் அச்சாரம். மாவட்டத்தில் படிக்கும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஐபேட், பள்ளிகளுக்கெல்லாம் வைஃபை என்பது திட்டம். மொத்தச் செலவு மதிப்பீடு 130 கோடி டாலர் வரை ஏறியது. அப்போதைய கண்காணிப்பாளர் ஜான் டீசி இதை ஏழைக் குழந்தைகளின் உரிமைப் பிரச்சினை என்றார். முடிந்தது கதை. இனி விலையைப் பற்றிக் கேட்கிறவன் ஏழைக் குழந்தையின் எதிரி. ஒரு பொருளை விற்க இதைவிடக் கெட்டியான கவசம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

விலையைப் பற்றிக் கேட்டிருக்கலாம். ஒன்று 678 டாலர் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். பிறகு ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்தால், தள்ளுபடி கிடைக்க முதலில் 40 கோடி டாலருக்கு வாங்கியாக வேண்டுமாம். அதுவரை ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 100 டாலர் கூடுதல். தேர்வெழுதத் தட்டச்சுப் பலகை வேண்டுமே என்பது அதற்கும் பிறகு ஞாபகம் வந்தது. அதற்கு 3.8 கோடி டாலர் ஆகலாம் என்று ஒரு கணக்கு வந்தது. ஆறு லட்சம் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லித்தரும் நிர்வாகம், எழுதுவதற்கு எது தேவை என்பதை மறந்துவிட்டது.

உள்ளே இருந்த பாடம் அதைவிட வேடிக்கை. பியர்சன் நிறுவனத்தின் மென்பொருள், மூன்று வருட உரிமம். ஆசிரியர் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வகுப்புக்கும் சில மாதிரிப் பாடங்கள். மீதி தயாராகிக்கொண்டிருந்தது. எழுதி முடிக்காத புத்தகத்தை வாங்கியது மட்டுமல்ல, வாடகைக்கு வாங்கியிருந்தார்கள். மாவட்டம் ஆய்வுக்கு அமர்த்திய குழு 245 வகுப்பறைகளுக்குள் போய்ப் பார்த்தது. அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு ஆசிரியர். அவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அன்றைக்கு ஆய்வுக் குழு வருகிறது என்று அவரிடம் மட்டும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பாயில் ஹைட்ஸ் பகுதி ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளியில் ஐபேட் கைக்கு வந்த சில நாட்களில் முந்நூறு பேர்வரை பூட்டைத் திறந்துவிட்டார்கள். செய்தித்தாள்கள் ஹேக்கிங் என்று எழுதின. பெரிய வித்தை ஒன்றுமில்லை. செட்டிங்ஸுக்குள் போய் மாவட்டம் போட்டுவைத்திருந்த புரொஃபைலை அழித்தார்கள். ஃபேஸ்புக் திறந்துகொண்டது, யூடியூப் திறந்துகொண்டது. இது மற்ற பள்ளிகளுக்கும் பரவும் என்று பள்ளிப் போலீஸ் தலைவரே மேலிடத்துக்கு எழுத, கொடுத்த ஐபேட்களைத் திரும்ப வாங்கினார்கள். தொலைந்தால், உடைந்தால் பணம் யார் கட்டுவது என்று பெற்றோர் கேட்டதற்கு ஆளுக்கொரு பதில் வந்தது. இத்தனை பெரிய திட்டத்தில் பிள்ளைகள் எதையாவது கற்றுக்கொண்டார்கள் என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது அந்த ஒரு வாரத்தில்தான். அதற்கும் ஆசிரியர் தேவைப்படவில்லை.

இனிமேல்தான் வயிறு எரியும் விஷயம். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

பள்ளிக்கூடம் கட்ட, பழுது பார்க்க என்று சொல்லி மக்களிடம் ஓட்டு வாங்கி எழுப்பிய பத்திரக் கடனிலிருந்து. வீட்டுக்காரர்கள் சொத்து வரியோடு சேர்த்துக் கட்டி அடைக்கிற கடன். இப்படிப்பட்ட கடன் அடைபட வழக்கமாக 25 வருடம் ஆகும். ஐபேடின் ஆயுள் மூன்று வருடம், பொத்திப் பொத்தி வைத்தால் ஐந்து. 2013இல் பத்து வயதில் அதைக் கையில் வாங்கிய பிள்ளை, வழக்கப்படி 2038இல், முப்பத்தைந்து வயதில், அதற்கு வரி கட்டிக்கொண்டிருப்பான். அவன் மகன் அதே பள்ளியில் படிப்பான். அவன் கையில் அப்போது எந்தப் பெட்டி இருக்குமோ!

ஐபேட் வந்த அதே காலத்தில் ஆசிரியர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்தினார்கள். ஐபேட் வேண்டாம், பழுது பாருங்கள் என்பதுதான் பக்கத்தின் பெயரே. படம் படமாகப் போட்டார்கள். விழுந்து கிடக்கும் கூரைப் பலகை. தண்ணீர் வராத குடிநீர்க் குழாய். செத்த கரப்பான். ஒழுகும் கூரைக்கு அடியில் நிற்கும் ஒரு குப்பைத் தொட்டி. அந்தத் தொட்டியைக் கொஞ்சம் கவனியுங்கள். எந்தக் கமிட்டியும் அதைத் தேர்வு செய்யவில்லை. எந்த நிறுவனமும் அதை மேடையேற்றவில்லை. ஆனால் கட்டடம் பழுது பார்க்க வாங்கிய பணத்தில் அந்த வகுப்பறைக்குக் கிடைக்காத வேலையை அதுதான் செய்துகொண்டிருந்தது. அப்போது மாவட்டத்தின் தொடக்க, நடுநிலைப் பள்ளி நூலகங்களில் ஏறக்குறைய பாதியில் நூலகரும் கிடையாது, உதவியாளரும் கிடையாது. புத்தகம் உள்ளே, பிள்ளை வெளியே, நடுவில் பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்க ஒரு ஆள் போதும். ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆளை வைத்து விழா நடத்த முடியாது.

2014 ஆகஸ்டில் உள்ளூர் வானொலி நிலையம் ஒன்று பழைய மின்னஞ்சல்களை வெளியிட்டது. டெண்டருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே, 2012 மே மாதத்திலிருந்தே, டீசியும் அவருடைய துணைக் கண்காணிப்பாளர் ஹைமே அக்கினோவும் பியர்சன், ஆப்பிள் தரப்போடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அக்கினோ முன்னாளில் பியர்சனைச் சேர்ந்த நிறுவனமொன்றில் அதிகாரி. டீசியோ ஆப்பிளின் விளம்பர வீடியோவில் ஏற்கெனவே தலைகாட்டியவர். மாப்பிள்ளை யாரென்று தெரிந்த பிறகு நடந்த சுயம்வரம் என்று ஊர் சிரித்தது. சில நாளில் ஒப்பந்தம் ரத்து. அக்டோபரில் டீசி ராஜினாமா. டிசம்பரில் எஃப்.பி.ஐ. வந்து இருபது பெட்டி ஆவணங்களை அள்ளிக்கொண்டு போனது. திட்டத்தில் நிரம்பி வழிந்த பெட்டிகள் அவை மட்டும்தான். கடைசியில் யார் மீதும் வழக்கு இல்லை. தவறு எதுவும் நடக்கவில்லை என்றுதான் டீசி முதலிலிருந்தே சொன்னார். சட்டப்படி அதுதான் இன்றைக்கும் நிலை.

தவறே நடக்காமல் இவ்வளவு வீணாக்க முடியும் என்பதுதான் நம்மைப் பயமுறுத்த வேண்டும்.

பியர்சன் பாடம் தொடர்பாகச் சமரசம் செய்து, ஏறக்குறைய 64 லட்சம் டாலர் திரும்ப வாங்கினார்கள். டீசி ராஜினாமா செய்த பிறகும் ‘சிறப்புப் பணி’ என்ற பெயரில் டிசம்பர் 31 வரை சம்பளப் பட்டியலில் இருந்தார், சுமார் 60 ஆயிரம் டாலர். ஜனவரியில் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. எங்கே தெரியுமா? பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிராட் மையத்தில். மற்றவர்களுக்குச் சொல்லித்தர!

அவருக்குப் பின் வந்த முதியவர் ரமோன் கோர்ட்டினெஸ், எல்லாப் பிள்ளைக்கும் கருவி வாங்க மாவட்டத்துக்குக் கட்டுப்படியாகாது என்று 2015இல் சொன்னார். இதைச் சொல்ல ஒரு கால்குலேட்டர் போதும். அதை வாங்கும் யோசனை 2013இல் யாருக்கும் வரவில்லை.

மின்னஞ்சல் வெளியான அதே ஆகஸ்டில் இன்னொரு பெட்டியும் திறந்தது. மாணவர் விவரம், வருகை, மதிப்பெண், வகுப்பு அட்டவணை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள். பெயர் மைசிஸ். ஃபிரெஸ்னோ ஊர் மாவட்டத்தின் மென்பொருளை எடுத்து இங்கே பொருத்தினார்கள். அந்த மாவட்டம் இதில் எட்டில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. முதல் நாள் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு அட்டவணை இல்லை. ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளை அரங்கத்தில் உட்கார வைத்தார்கள். சிலருக்கு ஏற்கெனவே பாஸ் செய்த பாடமே மறுபடியும் வந்தது. சிலருடைய அட்டவணையில் ஒரு பாடவேளைக்கு ‘வீடு’ என்று போட்டிருந்தது, அதாவது படிக்க ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ. வாரக்கணக்கில் இது நடந்தது. கடைசியில் ஒரு நீதிபதி தலையிட்டு, இந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு கிடைக்க வழி பண்ணுங்கள் என்று மாநில அரசுக்கு உத்தரவு போட்டார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்க கோர்ட் ஆர்டர்! மைசிஸ் செலவு 13 கோடி டாலரைத் தாண்டியது. 2007இல் சம்பளக் கணக்குக்கு 9.5 கோடி டாலரில் ஒரு மென்பொருள் போட்டு, ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குச் சம்பளம் கூடவும் குறையவும் வராமலும் போன கதை தனி. அதிலிருந்து போட்ரி கற்றுக்கொண்ட பாடம், அடுத்த முறை ஆசிரியரை விட்டு மாணவரிடம் ஆரம்பிப்பது என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

2022இல் கண்காணிப்பாளராக ஆல்பர்ட்டோ கர்வாலோ வந்தார். மயாமியில் பெயரெடுத்தவர். வந்த ஆண்டே செப்டம்பரில், அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையில், ஒரு ஹேக்கர் கும்பல் மாவட்டத்தின் கணினிகளுக்குள் புகுந்து பணம் கேட்டது. குற்றவாளிகளுக்குப் பொதுப்பணம் கிடையாது என்று கர்வாலோ மறுத்தார். சரியான முடிவு. முறைப்படி டெண்டரில் கலந்துகொள்ளாதது கும்பலின் தவறு. திருடிய கோப்புகளை அவர்கள் இணையத்தில் கொட்டினார்கள். பிள்ளைகளின் மனநல ஆவணங்களும் அதில் இருக்கின்றன என்று செய்தி வந்தபோது மாவட்டம் மறுத்தது. 2023 பிப்ரவரியில் ஒரு நிருபர் கோப்பையே கண்டெடுத்துக் காட்டியதும், ஆமாம், சுமார் 2,000 மாணவர்களின் மதிப்பீட்டு ஆவணங்கள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டது. ஒரு பிள்ளையைப் பற்றி ரகசியமாக இருக்க வேண்டியது, யார் வேண்டுமானாலும் படிக்கும் இடத்தில் கிடந்தது. இதற்கு எந்த விளம்பர வீடியோவும் வரவில்லை.

சூடு கண்ட பூனை என்பார்கள். போட்ரி பூனையல்ல. ஒரு வருடத்துக்குள் அதே பிள்ளைகளின் விவரங்களைப் பாஸ்டனில் இருந்த ஆல்ஹியர் என்ற சின்ன நிறுவனத்திடம் கொடுத்தது. செயற்கை நுண்ணறிவு சாட்பாட் செய்ய. ஐந்து வருடம், 60 லட்சம் டாலர்வரை. 2024 மார்ச் 20 அன்று அறிமுகம். பெயர் எட். சிரித்த முகத்தோடு ஒரு குட்டிச் சூரியன். மதிப்பெண் சொல்லும், வருகைக் கணக்கு சொல்லும், பஸ் எங்கே வருகிறது, மதியம் என்ன சாப்பாடு எல்லாம் சொல்லும். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்த உதவியாளர் என்றார் கர்வாலோ. நூறு மொழி தெரியும் என்றார்கள்.

பஸ் எப்போது வரும் என்பதை இதற்கு முன் பள்ளி அலுவலகத்தில் போன் எடுக்கும் அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். நூறு மொழி தெரியாது, ஒன்றரை தெரியும். ஆனால் உன் அண்ணனுக்குக் காய்ச்சல் தேறிவிட்டதா என்று கூடவே கேட்பார். அவரை மேடையேற்றி அறிமுகம் செய்தால் யார் வந்து கைதட்டுவார்கள்?

ஏப்ரலில் சான் டியேகோவில் நடந்த கல்வித் தொழில்நுட்ப மாநாட்டில் கர்வாலோவும் ஆல்ஹியர் நிறுவனர் ஜோவன்னா ஸ்மித்-கிரிஃபினும் ஒரே மேடையில் இருந்தார்கள். நிறுவனர் ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் முப்பது வயதுக்குட்பட்டோர் பட்டியலில் இடம்பிடித்தவர். ஜூன் 14 அன்று நிறுவனம் தன் ஊழியர்களில் பெரும்பாலோரை வேலையிலிருந்து நிறுத்தியது, காசில்லை. நூறு மொழி பேசிய சூரியன் நூறு நாள் தாண்டவில்லை. அதற்குள் மாவட்டம் கொடுத்திருந்தது 30 லட்சம் டாலர். மாணவர் விவரங்களை மாவட்டத்தின் விதிகளுக்கு விரோதமாகக் கையாண்டார்கள் என்று நிறுவனத்தின் முன்னாள் மென்பொருள் அதிகாரியே வெளியே வந்து சொன்னார். என்ன நடந்தது என்று பார்க்க ஒரு குழு போடுவோம் என்றார் கர்வாலோ. குழு! இந்த ஒரு தொழில்நுட்பம்தான் எந்த ஊரிலும் பழுதாவதில்லை.

நவம்பர் 19 அன்று ஸ்மித்-கிரிஃபின் கைதானார். முதலீட்டாளர்களிடம் ஏறக்குறைய ஒரு கோடி டாலர் மோசடி செய்தார் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. 2020இல் நிறுவனத்தின் வருவாய் 37 லட்சம் டாலர் என்று அவர் சொன்னாராம், உண்மையில் வந்தது சுமார் 11 ஆயிரம் டாலர் என்கிறது குற்றப்பத்திரிகை. ஒரு பணக்கார மாவட்டம் கையெழுத்துப் போடுமுன் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி இது. தெருமுனைக் கடைக்குக் கடன் கொடுக்கும் பைனான்ஸ்காரர்கூடக் கேட்பார். குற்றப்பத்திரிகையில் ஏமாந்தவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் முதலீட்டாளர்கள். பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி தேதியைக் கவனியுங்கள். சாட்பாட் நிறுவனம் படுத்த நான்காம் நாள், 2024 ஜூன் 18. ஐபேட் ஒப்பந்தம் நிறைவேறிய நாளிலிருந்து சரியாகப் பதினொரு வருடம். அதே வாரியம், ஐந்துக்கு இரண்டு என்ற ஓட்டில், பள்ளி நேரத்தில் மாணவர்கள் செல்போன் பயன்படுத்தத் தடை போட்டது. திரை பிள்ளைகளின் கவனத்தைக் கெடுக்கிறதாம், மனநலத்தைக் கெடுக்கிறதாம். அம்மாக்கள் இதைப் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள், காசு வாங்காமல். தடையை நடைமுறைப்படுத்த, போனைப் பூட்டிவைக்கும் பை உள்படச் செலவுக்கு ஒதுக்கியது ஏறக்குறைய 70 லட்சம் டாலர். திரையைக் கொடுக்கவும் டெண்டர், திரையைப் பிடுங்கவும் டெண்டர். இரண்டும் குழந்தைகளின் நலனுக்காக.

இவ்வளவுக்கும் பிறகு 2024 நவம்பர் 5 அன்று மாவட்டம் மறுபடியும் மக்களிடம் வந்தது. 900 கோடி டாலர் பத்திரக் கடன், அந்த மாவட்டத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரியது. கட்டடங்கள் பழசாகிவிட்டன, கூரை மாற்ற வேண்டும், குழாய் மாற்ற வேண்டும் என்றார்கள். பொய்யில்லை. கூரை நிஜமாகவே ஒழுகுகிறது, அதனால்தான் மறுக்க மனம் வருவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்று ஓட்டுப் போட்டார்கள். செலவுப் பட்டியல் நீளமானது. அதில் தொழில்நுட்ப மேம்பாட்டுக்கும் இடம் இருக்கிறது. ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் அதைக் கடைசிவரை படித்தார்களோ தெரியாது. பெட்டி விற்கிறவர்கள் படித்திருப்பார்கள்.